இழுகயிறு ராட்செட் சுவிட்ச்: கான்டாக்டில் தொடங்கி, பல்லில் முடிக்கும் வடிவமைப்பு

டீக்கடை, மெஸ், தையல்கடை என்று மதுரையில் எங்கே நுழைந்தாலும் சுவர் ஃபேனில் ஒரு கயிறு தொங்கும். ஓர் இழுப்புக்கு ஓடும், அடுத்தடுத்த இழுப்புக்கு வேகம் மாறும், நான்காவது இழுப்புக்கு நிற்கும். அந்தக் கயிற்றின் மேல்முனையில் இருக்கும் சின்னப் பெட்டியைச் சொந்தமாக வடிவமைத்துச் செய்வதற்கான முழு வழி இது. பாலிடெக்னிக் புராஜெக்ட் செய்பவர்களுக்கும், கே.புதூர், கப்பலூர் பக்கம் சிறு பட்டறை நடத்துபவர்களுக்கும் ஒரே அளவுகள் பொருந்தும்.

புதிதாக இறங்குபவர்கள் எடுத்தவுடன் வரைவது ராட்செட் சக்கரத்தை, அதாவது ஒரு திசையில் மட்டும் தள்ளப்படும் பல் சக்கரத்தை. பல் அழகாக வந்துவிடும், கயிற்றை இழுத்தால் டக் டக்கென்று நகரும். கரண்ட் கொடுத்த சில நாளில் கான்டாக்ட் (கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் உலோக முனை) கருகிப்போகும். ராட்செட் கையின் வேகத்தில் நகரும் உறுப்பு. கான்டாக்ட் பிரிய வேண்டியதோ ஸ்ப்ரிங்கின் வேகத்தில். இந்த இரண்டையும் பிரித்து வைப்பதுதான் இங்கே வடிவமைப்பு என்ற வேலையே. அதனால் சுமை, நிலைகள், கான்டாக்ட் இடைவெளி, ஒவ்வொரு நிலையிலும் பிடித்து நிறுத்தும் பள்ளச் சக்கரம் ஆகியவற்றை முடித்த பிறகே பல்லுக்கு வர வேண்டும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வெர்னியர் காலிப்பர், 5 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு, மல்டிமீட்டர், ஸ்லோமோஷன் எடுக்கும் செல்போன். தொங்கு தராசை அநாவசியம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்ப்ரிங் எத்தனை நியூட்டன் கொடுக்கிறது என்று அளக்காமல் இந்த சுவிட்சில் எதையும் சரிசெய்ய முடியாது. 1 கிலோ இழுப்பு சுமார் 10 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால் போதும்.

பொருட்கள்: ராட்செட் சக்கரத்துக்கு 25 மி.மீ. டெல்ரின் (வழுக்கலான கெட்டிப் பிளாஸ்டிக்) ராடு, கான்டாக்டுக்கு எதிரே சுழலும் தட்டான ரோட்டாருக்கு 3 மி.மீ. ஹைலம் (பிசின் ஊட்டி அழுத்திய மின்காப்புப் பலகை) ஷீட், 0.8 மி.மீ. பித்தளைத் தகடு, 0.3 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் தகடு, 3 மி.மீ. தலையுள்ள வெள்ளிமுனை ரிவெட் நான்கு, 0.5 மற்றும் 0.6 மி.மீ. ஸ்ப்ரிங் கம்பி, சைக்கிள் பெடலில் போடும் 5/32 அங்குல இரும்புக் குண்டு ஒன்று. குண்டின் விட்டம் 3.97 மி.மீ., கணக்குக்கு 4 என்று எடுத்துக்கொள்ளலாம்.

2. சுமையை எழுதி வையுங்கள்

ஒரு சுவர் ஃபேன் 1 ஆம்பியர்கூட இழுக்காது. ஆனாலும் 6 ஆம்பியர், 240 வோல்ட் என்று வடிவமையுங்கள். ஃபேன் மோட்டார் சுருள் சுமை. அணைக்கும் கணத்தில் சுருள் தன் கரண்டை விடாமல் தள்ளுவதால், அதே ஆம்பியருள்ள பல்பை அணைப்பதைவிடத் தீப்பொறி நீளமாக வரும்.

சுற்றுப்புறச் சூட்டையும் எழுதுங்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் மாட்டிய பெட்டிக்குள் காற்றே 40°-க்கு மேல் இருக்கும். டெர்மினல் அதற்கு மேல் 45° வரை ஏறலாம் என்பது வழக்கமான எல்லை. ஆக, டெர்மினலைத் தொடும் பிளாஸ்டிக் 90° சூட்டில் இளகாமல் நிற்க வேண்டும். 3டி பிரிண்ட்டரில் வரும் பி.எல்.ஏ. 60°-யிலேயே வளையும். அதில் செய்த மாதிரியை இயக்கம் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் கொடுக்க வேண்டாம்.

3. நிலைகளை வட்டத்தில் போடுங்கள்

நமக்கு வேண்டியது 0, 1, 2, 3 என்று நான்கு நிலைகள். ஒரு முழுச் சுற்றில் இந்த வரிசை மிச்சமில்லாமல் முடிய வேண்டும். ஆகவே பல் எண்ணிக்கை 4-இன் மடங்கு: 4, 8 அல்லது 12. ஆறு பல், பத்துப் பல் என்று போட்டால் இரண்டாம் சுற்றில் வரிசை உடையும். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழை, சுவிட்சைக் கோத்து ஐந்தாறு தடவை இழுத்த பிறகுதான் வெளியே வரும்.

இங்கே எட்டைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒரு படி 45°. ஒரு சுற்றில் வரிசை இரண்டு முறை ஓடும். ஆகவே ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்கு எதிரெதிராக இரண்டு கைகள், நடுவில் ஒரு வளையம். வளையத்தை ஒரு கான்டாக்ட் எப்போதும் உரசிக்கொண்டிருக்கும். அதுதான் கரண்ட் உள்ளே வரும் பொது முனை, பேஸ் வயர் அதில் வரட்டும்.

வேகக் கான்டாக்ட் மூன்றையும் 45°, 90°, 135° என்று ஒரே பக்கம் அடுக்காதீர்கள். முதலாவதை 45°-இலும், இரண்டாவதை எதிர்ப்பக்கம் 270°-இலும், மூன்றாவதை 135°-இலும் வையுங்கள். இரண்டாவது நிலையில் மற்றொரு கை போய் 270°-ஐத் தொடும். வரிசை மாறாது, ஆனால் எந்த இரண்டு கான்டாக்டுக்கும் நடுவே குறைந்தது 90° கிடைக்கும். தீப்பொறி விட்டுச்செல்லும் கரியும் உரசி விழும் வெள்ளித் துகளும் இரண்டு கான்டாக்டுக்கு இடையே பாலமாகப் படிய வழியிருக்காது.

4. ஏன் 12 பல் வேண்டாம்

சிறுசிறு படியாக நகர்ந்தால் இழுக்க லேசாக இருக்கும் என்று 12 பல்லை விரும்புகிறவர்கள் உண்டு. அப்போது ஒரு படி 30°. கான்டாக்ட் ஏறக்குறைய 20°-இல்தான் பிரிய முடியும் (ஏன் என்பது அடுத்த பகுதியில்), பிறகு நகர மிச்சம் 10°. கான்டாக்ட் நிற்கும் ஆரம் 14 மி.மீ. என்றால் அது 2.4 மி.மீ. வீட்டு சுவிட்சில் அணைந்த கான்டாக்டுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி வேண்டும். சக்கரத்தைப் பெரிதாக்கினால் பெட்டி பெரிதாகும்.

நான்கு பல் என்றால் இடைவெளி தாராளமாக வரும். கயிற்றைத்தான் 14 மி.மீ. போல இழுக்க வேண்டியிருக்கும், ஸ்ப்ரிங்கும் அதற்கேற்ப நீளும். எட்டு நடுநிலை.

5. பள்ளச் சக்கரம்: தூக்கி எறியும் வேலை இதனுடையது

ரோட்டார் அச்சில் ராட்செட் சக்கரத்தோடு இன்னொரு சக்கரம் இருக்கும். அதன் விளிம்பில் 8 பள்ளம், 8 மேடு. ஒரு குண்டை ஸ்ப்ரிங் அந்த விளிம்பில் அழுத்திக்கொண்டே இருக்கும். குண்டு பள்ளத்தில் உட்கார்ந்தால் சுவிட்ச் ஒரு நிலையில் நிற்கிறது. பள்ளத்திலிருந்து மேட்டின் உச்சி வரை, அதாவது 22.5° வரை, ராட்செட் கையின் வேகத்தில் தள்ளும். உச்சியைத் தாண்டியதும் குண்டு சரிவில் இறங்கி, சக்கரத்தை அடுத்த பள்ளத்துக்கு எறியும். ராட்செட் ஒரு திசையில் மட்டும் பிடிப்பதால் சக்கரம் நாக்கை (பல்லைத் தள்ளும் சின்ன எஃகுத் துண்டு) விட்டுவிட்டு முன்னே ஓட முடியும். சைக்கிள் ஃப்ரீவீல் பெடலை விட்டுவிட்டு ஓடுகிறதே, அதே நியாயம்.

அளவுகள்: வெளிவிட்டம் 24 மி.மீ., பள்ளத்தின் ஆழம் 2 மி.மீ., இரு பக்கமும் ஒரே சரிவு. சரிவின் கோணம் சுமார் 23° வரும். குண்டுக்கும் பருமன் உண்டு என்பதால் அது பள்ளத்தின் அடியைத் தொடாது, இரண்டு சரிவிலும் தொற்றி நிற்கும். ஆகவே ஆழம் 2 ஆனாலும் குண்டு மேலும் கீழும் நகர்வது சுமார் 1.8 மி.மீ. தான். இந்தக் கழிவைப் போடாமல் கணக்குப் பார்த்தால் ஸ்ப்ரிங்கின் பலம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

குண்டு ஸ்ப்ரிங் பள்ளத்தில் 9 நியூட்டன், உச்சியில் 12.7 நியூட்டன் கொடுக்கட்டும். அதாவது மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன். உராய்வே இல்லையென்றால் இது சராசரி 50 நியூட்டன்-மி.மீ. முறுக்கு விசை. உண்மையில் குண்டு உருளாமல் ஓரளவு உரசிக்கொண்டுதான் இறங்கும், மிஞ்சுவது 27 போல. நான்கு கான்டாக்ட் ரோட்டாரில் உரசும் உராய்வு சுமார் 14. எறியும் பலம், உரசும் பலத்தைப் போல இரண்டு மடங்கு வேண்டும். அதற்குக் கீழே போனால் புதிதாக இருக்கும்போது சுவிட்ச் நன்றாகத் துள்ளும், தூசி ஏறியதும் நடுவழியில் நிற்கும். நடுவழியில் நிற்கும் கான்டாக்ட் கருகும், பெட்டியும் உருகும்.

மேட்டின் உச்சியைக் கத்திமுனையாக விடாதீர்கள். 0.3 மி.மீ. உருட்டி விடுங்கள். கூரான உச்சி குண்டால் தேய்ந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவாகிவிடும்.

6. பித்தளைக் கையை ஒரு பக்கம் நீட்டுங்கள்

இந்த வேலையில் அதிகம் கவனம் கேட்கும் இடம் இதுதான். உச்சி 22.5°-இல் இருக்கிறது. ஆனால் உருண்ட உச்சியும் உராய்வும் சேர்ந்து, சக்கரம் தானாக ஓடத் தொடங்குவது 25° அல்லது 26°-இல். கான்டாக்ட் பிரிவதும் சேர்வதும் அதற்குப் பிறகே நடக்க வேண்டும். ஒரு படியின் கணக்கு இப்படி:

0° – பள்ளத்தில் ஓய்வு
22.5° – உச்சி
26° – தானாக ஓடத் தொடக்கம்
28° – பழைய கான்டாக்ட் பிரிவு
30° – ஸ்லைடர் (கயிற்றோடு நகர்ந்து நாக்கைத் தள்ளும் துண்டு) நிற்கும் இடம்
33° – புதிய கான்டாக்ட் சேர்வு
45° – அடுத்த பள்ளம்

பித்தளைக் கையைக் கான்டாக்டின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக வரைந்தால் இது கிடைக்கவே கிடைக்காது. சமமான கையில், 28°-இல் பிரிந்தால் 17°-இலேயே அடுத்தது சேர்ந்துவிடும். அதாவது கயிற்றை இழுப்பவர் மெல்ல நகர்த்தும்போதே சேர்ந்து, பழையது பிரிவதற்கு முன்பே இரண்டு வேக முனைகளையும் ஒன்றாக்கும். மோட்டாரின் சுருளில் ஒரு பகுதி குறுக்குச் சுற்றாகிச் சூடேறும்.

ஆகவே கையின் முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம். உருண்டை முனை ரிவெட் 14 மி.மீ. ஆரத்தில் சுமார் 5° அகலத்தில் தொடுகிறது என்று வைத்தால், நடுக்கோட்டுக்கு முன்னால் 9.5° (2.3 மி.மீ.), பின்னால் 25.5° (6.2 மி.மீ.). மொத்தம் 35°. இந்த ஒருதலையான வடிவம் செல்லுபடியாவதற்குக் காரணம், ராட்செட் சக்கரத்தை ஒரு திசையில் மட்டுமே ஓட விடுவதுதான். இருதிசையிலும் திருகும் குமிழ் சுவிட்சுக்கு இந்த வழி உதவாது.

அணைந்த நிலையில் கையின் பின்விளிம்பு ரிவெட்டின் தொடுமுனையிலிருந்து 17° தள்ளி நிற்கும். அது 4.1 மி.மீ. ரிவெட் தலையின் ஓரத்திலிருந்து அளந்தாலும் 3 மி.மீ.-க்கு மேல் வரும். அளக்கும்போது ஓரத்திலிருந்தே அளங்கள். நடுவிலிருந்து அளந்து திருப்திப்படுவது வழக்கமான தவறு.

இந்த அமைப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. யாராவது கயிற்றைப் பாதி இழுத்து விட்டுவிட்டால், உச்சிக்கு முன் என்றால் சக்கரம் பழைய பள்ளத்துக்கே திரும்பும். கான்டாக்ட் பிரிந்தே இருக்காது. பொறியும் இல்லை, குழப்பமும் இல்லை.

7. கான்டாக்ட் இலை

பாஸ்பர் பிரான்ஸ் தகட்டில் 4 மி.மீ. அகலம், 16 மி.மீ. தனித்து நிற்கும் நீளம். முனையில் வெள்ளி ரிவெட். தேவையான அழுத்தம் 1.2 நியூட்டன். 0.3 மி.மீ. தகட்டில் இதற்கு இலை சுமார் 1.7 மி.மீ. வளைந்து நிற்க வேண்டும். 0.4 மி.மீ. தகடு என்றால் 0.7 மி.மீ. வளைவே போதும்.

தடித்த தகடுதான் உறுதி என்று 0.4-ஐ எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். அதில் 0.1 மி.மீ. பிசகினாலோ தேய்ந்தாலோ அழுத்தம் 0.17 நியூட்டன் மாறும். 0.3-இல் அதே பிசகுக்கு 0.07 தான். கையால் வளைத்துப் பொருத்தும் பட்டறையில் இந்த மன்னிப்பு பெரிய விஷயம்.

தகட்டை வெட்டும்போது இலையின் நீளம் தகட்டின் உருட்டு வரியோடு ஓட வேண்டும், மடிப்பு அந்த வரிக்குக் குறுக்காக விழ வேண்டும். வரியோடு ஓடும் மடிப்பில் முடி போல விரிசல் விழுந்து, சில ஆயிரம் இழுப்பில் இலை ஒடியும். தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வரி தெரியும்.

பித்தளைக் கை ஹைலம் பரப்பைவிட 0.05 முதல் 0.1 மி.மீ. மேலே நிற்கட்டும், முன்விளிம்பை லேசாகச் சரித்து விடுங்கள். தாழ்ந்துபோனால் ரிவெட் ஹைலத்தில் மிதந்து பித்தளையைத் தொடாது. பின்விளிம்பை ஒட்டி ஹைலத்தில் 1 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டுங்கள். ரிவெட் இழுத்துக்கொண்டு போகும் வெள்ளிப் பூச்சு அந்தப் பள்ளத்தில் அறுந்துவிடும்.

8. ராட்செட் சக்கரமும் நாக்கும்

இப்போது பல். டெல்ரின் சக்கரம் வெளிவிட்டம் 24 மி.மீ., எட்டுப் பல், பல்லுக்குப் பல் 9.4 மி.மீ., ஆழம் 3 மி.மீ., தடிமன் 4 மி.மீ. மில்லிங்கில் 40-க்கு 1 டிவைடிங் ஹெட் (வட்டத்தைச் சம பங்காகப் பிரிக்கும் கருவி; கைப்பிடி 40 சுற்றினால் வேலைப்பொருள் 1 சுற்று சுற்றும்) இருந்தால் ஒரு பல்லுக்குக் கைப்பிடி சரியாக 5 முழுச் சுற்று. துளைத் தட்டே வேண்டாம், எண்ணிக்கை தவற வாய்ப்பில்லை. சுற்றும்போது ஒரே திசையில் சுற்றுங்கள். பின்னால் வந்து சரிசெய்தால் கியரின் தளர்வு ஒரு பல்லில் ஏறிக்கொள்ளும்.

பல்லின் தள்ளும் முகம் மையத்தை நோக்கி நேராக இருக்கக் கூடாது. உள்நோக்கி 10° சாய்த்து வெட்டுங்கள். சரியா என்று பார்க்க, நாக்கு தொடும் இடத்தில் பல் முகத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு சக்கர மையத்துக்கும் நாக்கு மாட்டியிருக்கும் ஊசிக்கும் நடுவே போனால், தள்ளும் விசையே நாக்கைப் பல்லின் அடிக்கு இழுத்துக்கொள்ளும். கோடு ஊசிக்கு வெளியே போனால் விசை நாக்கை வெளியே தள்ளும். “நாக்கு வழுக்குகிறது, ஸ்ப்ரிங்கைப் பலமாக்கலாமா?” என்று வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இந்தக் கோட்டில் இருக்கிறது. ஸ்ப்ரிங்கைப் பலமாக்கினால் வழுக்கல் சில நாள் மறையும், பல் முனை சீக்கிரம் தேயும்.

பல்லின் அடிமூலையில் 0.4 மி.மீ. உருட்டல் விடுங்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் பிளாஸ்டிக் பல் பிளக்கும். நாக்கின் முனையை அதைவிடச் சற்றுக் கூடுதலாக, 0.5 மி.மீ. உருட்டினால் மூலையில் இடிக்காமல் முகத்தில் உட்காரும்.

நாக்கு 2 மி.மீ. எஃகுத் தகடு, 14 மி.மீ. நீளம், 2 மி.மீ. ஊசியில் மாட்டி ஸ்லைடரில் உட்காரும். அதன் சின்ன ஸ்ப்ரிங் முனையில் அரை நியூட்டன் கொடுத்தால் போதும். திரும்பி வரும்போது நாக்கு அடுத்த பல்லின் முதுகில் ஏறி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கப் பார்க்கும். அரை நியூட்டன் என்றால் அந்த இழுப்பைப் பள்ளச் சக்கரம் எளிதில் தாங்கும், பின்னோக்கைத் தடுக்கத் தனியாக இரண்டாவது நாக்கு வேண்டியதில்லை.

9. இழுப்பின் நீளம், நிறுத்தம், திரும்பு ஸ்ப்ரிங்

நாக்கு ஓய்வில் பல் முகத்துக்கு 4° பின்னால் நிற்க வேண்டும், இல்லையென்றால் திரும்பி வந்தபின் பல்லுக்குப் பின்னால் விழாது. முன்னால் 30° வரை போக வேண்டும். மொத்தம் 34°, அதாவது 12 மி.மீ. ஆரத்தில் ஸ்லைடர் ஏறக்குறைய 7.2 மி.மீ. நகரும்.

இந்த 7.2 மி.மீ.-ஐ முடிப்பது பெட்டியின் சுவராக இருக்க வேண்டும், நாக்கோ பல்லோ அல்ல. கயிற்றைப் பிடித்துப் பிள்ளைகள் தொங்குவார்கள். ஸ்லைடரின் தோள் பெட்டியில் மோதி நின்றால் அந்தப் பாரம் பெட்டிக்குப் போகும். 10 கிலோ பாரத்தைக் கயிற்றில் ஒரு நிமிடம் தொங்கவிட்டுப் பாருங்கள். தோளும் பெட்டியும் அசையாமல் நிற்க வேண்டும்.

திரும்பு ஸ்ப்ரிங்குக்கு 0.5 மி.மீ. கம்பி, நடுவிட்டம் 5 மி.மீ., வேலை செய்யும் சுருள் 10, இரு முனையிலும் மூடிய சுருள் ஒவ்வொன்று, தளர்ந்த நீளம் 23 மி.மீ. மில்லிமீட்டருக்கு அரை நியூட்டன் வரும். 15 மி.மீ.-க்கு அழுத்தி மாட்டினால் ஓய்வில் 4 நியூட்டன், முழு இழுப்பில் 7.6 நியூட்டன். முழு இழுப்பிலும் சுருளுக்குச் சுருள் ஒட்டாமல் 1.8 மி.மீ. மிச்சம் இருக்கும். சுருளின் விட்டத்தில் கவனமாக இருங்கள்: ஸ்ப்ரிங்கின் பலம் விட்டத்தின் மும்மடிக்கு எதிராகப் போகும். 5-க்குப் பதில் 5.5 சுற்றிவிட்டால் பலம் கால்வாசி குறையும்.

எல்லாம் சேர்ந்தால் கயிற்றில் சுமார் 1.6 கிலோ இழுப்பு. தராசில் 2 கிலோவுக்கு மேல் காட்டினால் எங்கோ உரசுகிறது. 1 கிலோவுக்குக் கீழே காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம், குண்டு ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கிறது.

10. எந்த இடத்தில் எந்தப் பொருள்

டெல்ரின் வழுக்கலானது, தேயாது, பல்லுக்கு நல்லது. ஆனால் தீப்பிடித்தால் அணையாமல் எரியும். ஆகவே தீப்பொறி வரும் அறைக்கும் ராட்செட் அறைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் கட்டாயம், கான்டாக்டைத் தாங்கும் எந்த உறுப்பும் டெல்ரினில் கூடாது.

நைலான் பல்லுக்கு ஆகும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி ஊதும். சித்திரையில் கச்சிதமாகப் பொருத்திய 24 மி.மீ. நைலான் சக்கரம் ஐப்பசி மழையில் 0.1 மி.மீ.-க்கு மேல் பெருத்துச் சுவரில் உரசும். அந்த இடத்தை முன்பே விட்டு வையுங்கள்.

ஹைலம் மாதிரி செய்வதற்குச் சரி. பொறி பட்டுப் பட்டு அதன் பரப்பில் கரிக்கோடு படரும் குணம் உண்டு. விற்பனைக்குப் போனால் ரோட்டாரை டி.எம்.சி. (கண்ணாடி நாரும் பிசினும் கலந்த மோல்டிங் மாவு) அல்லது யூரியா மோல்டிங்கில் செய்யுங்கள்.

11. கோக்கும் வரிசை

முதலில் ரோட்டார் கட்டு: ராட்செட் சக்கரம், பள்ளச் சக்கரம், ஹைலம் தட்டு மூன்றும் 5 மி.மீ. சதுர அச்சில். பல் முகமும் பள்ளத்தின் நடுவும் வரைபடத்தில் உள்ள கோணத்திலேயே இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பிறகு பார்க்க முடியாது. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக ஊசியடித்துவிடுவது நல்லது.

பித்தளைத் தகட்டை 90° திருப்பிப் போட்டால் வரிசை கெடாது, தொடங்கும் இடம் மட்டும் மாறும். கவிழ்த்துப் போட்டால்தான் ஆபத்து. நீண்ட பக்கம் முன்னால் வந்துவிடும், கான்டாக்ட் உச்சிக்கு முன்பே மெல்லப் பிரியும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, டெஸ்ட் லாம்ப்பும் ஒழுங்காக எரியும். ஒரு கையில் மட்டும் நடுவிலிருந்து விலகிய ஒரு துளை போட்டு, ஹைலத்தில் அதற்கு ஒரு முளை வைத்துவிட்டால் கவிழ்த்து மாட்டவே முடியாது.

அடுத்து குண்டும் ஸ்ப்ரிங்கும். கான்டாக்ட் இலைகளை மாட்டுமுன் கையால் சுழற்றி எட்டுப் பள்ளத்திலும் துள்ளுகிறதா என்று உணர்ந்து பாருங்கள். இலைகளையும் சேர்த்த பிறகு துள்ளல் மந்தமானால் குறை எந்தப் பக்கம் என்று அப்போதுதான் சொல்ல முடியும். பிறகு ஸ்லைடர், நாக்கு, திரும்பு ஸ்ப்ரிங், கடைசியில் கயிறு.

கிரீஸ் பல்லிலும் குண்டிலும் மிகக் கொஞ்சமாக. சிலிகான் கிரீஸ் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தீப்பொறியில் வெந்து கான்டாக்டில் மணல் போன்ற படலமாகப் படியும், அது கரண்டைக் கடத்தாது. இந்தக் கோளாறு பல மாதம் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதால் யாரும் கிரீஸைச் சந்தேகிப்பதில்லை.

12. சோதனை

கரண்ட் இல்லாமல் முதலில். மூடியைத் திறந்து வைத்து, மிக மெதுவாக இழுத்துக்கொண்டே மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்துக் கேளுங்கள். சக்கரம் துள்ளும் கணத்தில்தான் ஒலி நிற்க வேண்டும். துள்ளலுக்கு முன்பே நின்றால் பித்தளைக் கையின் பின்பக்கம் குட்டை. எட்டு நிலையிலும் பாருங்கள், ஒன்றில் சரியாக இருந்தால் எல்லாவற்றிலும் சரி என்று அர்த்தமில்லை.

செல்போனில் நொடிக்கு 240 ஃபிரேம் வைத்துப் படம் பிடியுங்கள். 26°-இலிருந்து 45° வரை ஓட்டம் நொடியில் நூறில் ஒரு பங்கு, அதாவது இரண்டு மூன்று ஃபிரேம். ஐந்தாறு ஃபிரேமுக்கு மேல் போனால் எறியும் பலம் போதவில்லை. வெடுக்கென்று இழுத்தும் ஒரு படம் எடுங்கள். இரண்டு நிலை தாவினால் ரோட்டார் கனமாக இருக்கிறது என்று பொருள். பித்தளையிலோ இரும்பிலோ சக்கரம் செய்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

பிறகு சூடு. 6 ஆம்பியர் டி.சி. ஓட விட்டு டெர்மினலுக்கு டெர்மினல் மில்லிவோல்ட் அளங்கள். புதிதில் 30-க்குள் இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்டினால் ரிவெட் தட்டியதில்தான் முதலில் தேட வேண்டும், வெள்ளி முனையில் கோளாறு இருப்பது குறைவு.

240 வோல்ட்டில் சோதிக்கும்போது மூடி போட்டிருக்க வேண்டும், வரிசையில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்க வேண்டும், இழுப்பது நைலான் கயிறாக இருக்க வேண்டும். சங்கிலி மாட்டுவதானால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு கட்டாயம். சுமையாக டியூப்லைட் சோக் நாலைந்தை இணையாகப் போட்டால் ஃபேனைவிடக் கடுமையான சுருள் சுமை கிடைக்கும். கியர் மோட்டாரில் ஒரு கிராங்க் மாட்டி நிமிடத்துக்கு 15 இழுப்பு ஓட்டினால் 40,000 இழுப்பு முடிய 44 மணி நேரம் ஆகும். இழுப்பை இதைவிட வேகமாக்காதீர்கள், கான்டாக்ட் ஆற நேரமில்லாமல் போய் இல்லாத கோளாறைக் காட்டும்.

500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் மீட்டர்) அணைந்த கான்டாக்டுகளுக்கு நடுவே 5 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் எடுத்து இரண்டையும் எழுதி வையுங்கள், விழும் அளவுதான் கரி எவ்வளவு படிந்தது என்பதன் கணக்கு. 2000 வோல்ட் ஒரு நிமிடச் சோதனையைப் பட்டறையில் செய்ய வேண்டாம், அதற்கான கருவியுள்ள ஆய்வகத்தில் கொடுங்கள். சுவரில் மாட்டும் வீட்டு சுவிட்சாக விற்பதானால் ஐ.எஸ். 3854 தரப்படி பி.ஐ.எஸ். உரிமம் பெற்று ஐ.எஸ்.ஐ. முத்திரையோடுதான் விற்க முடியும்.

13. ஓட்டம் முடிந்ததும் பிரித்துப் பாருங்கள்

சுவிட்ச் ஓடிக்கொண்டே இருந்தாலும் பிரிக்க வேண்டும். ரிவெட்டின் ஒரே பக்கம் குழி விழுந்திருந்தால் அது பிரியும் பக்கத் தேய்மானம், இயல்பு. இரண்டு பக்கமும் குழி என்றால் சேரும்போது இலை துள்ளுகிறது, பித்தளையின் முன்விளிம்பைச் சரித்தது போதவில்லை. பல் முனையில் மட்டும் தேய்ந்து அடியில் புதிதாக இருந்தால் நாக்கு முழுதாக இறங்கவில்லை, 8-ஆம் பகுதியில் சொன்ன கோட்டை மறுபடி வரையுங்கள். மேடுகளில் ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அச்சு கோணலாக ஓடுகிறது.

தடுப்புச் சுவரைத் தாண்டி ராட்செட் அறைக்குள் கருப்புத் தூள் வந்திருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வந்திருந்தால் அச்சு சுவரைக் கடக்கும் துளை பெரிது. அங்கே ஒரு ஃபைபர் வாஷர் போட்டு இன்னொரு மாதிரியை முதலிலிருந்து ஓட்டுங்கள்.